லேபிளுக்கு அடியில் இன்னொரு லேபிள்: டிரிப்பான் ப்ளூ வாங்குவோர் கவனத்துக்கு

நீலகிரியில் செல் வளர்ப்பு ஆய்வகம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோவையிலிருந்து ஊட்டிக்கு வந்து ஆர்டர் பிடிக்கும் ரசாயன வியாபாரி ஒருவர், 0.4 சதவீத டிரிப்பான் ப்ளூ (செத்த செல்லையும் உயிருள்ள செல்லையும் பிரித்துக் காட்டும் நீலச் சாயம்) என்று எங்கள் தலையில் ஒரு பாட்டிலைக் கட்டிவிட்டார்.

உயிருள்ள செல்லின் சவ்வு இந்தச் சாயத்தை உள்ளே விடாது. செத்த செல்லின் சவ்வு பழுதாகியிருப்பதால் சாயம் புகுந்து நீலமாக்கிவிடும். சாயம் சத்தில்லாமல் போனால் பிணமும் உயிர்க்கணக்கில் சேர்ந்துவிடும். அப்படித்தான் ஆயிற்று. ஹீமோசைட்டோமீட்டரில் (செல் எண்ணும் கட்டம் போட்ட கண்ணாடித் தகடு) எண்ணினால் 95 சதவீதத்துக்கு மேல் உயிர். மறுநாள் பார்த்தால், உயிரோடிருந்தால் பிளாஸ்கின் அடியில் ஒட்டி வளர வேண்டிய வீரோ செல்கள் (குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த செல் வகை) ஒட்டாமல் மிதக்கின்றன.

கொஞ்சம் செல்களை 65 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் அரைமணி நேரம் வைத்துக் கொன்று, சாயத்தைச் சரிபாதி கலந்து பார்த்தோம். எல்லாமே கருநீலமாக இருந்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் வெளிறிய வட்டங்கள். இடையிடையே ஊசி ஊசியாக நீலத் துணுக்குகள். பழைய பாட்டிலில் மிச்சமிருந்த சொட்டுகளைக் கலந்தபோது அத்தனையும் நீலம். சந்தேகத்தில் லேபிளின் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். அடியில் இன்னொரு லேபிள், அதில் எப்போதோ முடிந்துபோன காலாவதித் தேதி.

போனில் கேட்டால், “உங்கள் ஊர்க் குளிரில் கெட்டிருக்கும் சார்” என்கிறார். குளிரில் சாயம் படியலாம், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பாட்டிலும் ஒரே அலமாரியில்தான் இருந்தன. ஊட்டிக் குளிர் ஆள் பார்த்தா அடிக்கும்? அடுத்து, “தாமதமாக எண்ணியிருப்பீர்கள்” என்றார். கலந்து 5 நிமிடத்துக்குள் எண்ணாவிட்டால் உயிருள்ள செல்லும் நீலமாகத் தொடங்கும். அதாவது நீலம் கூடுமே தவிரக் குறையாது! சாயம் விற்பவருக்கு இதுகூடவா தெரியாது? கடைசியில், திறந்த பாட்டிலைத் திரும்ப எடுப்பதில்லையாம்.

புதுப் பாட்டில் எதுவானாலும் முதலில் கொன்ற செல்களில் போட்டுப் பாருங்கள். கையுறை அவசியம், புற்றுநோய் அபாயம் உள்ள சாயம் இது, கழுவும் தொட்டியில் கொட்டாதீர்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் இவர் போகிறார் என்று கேள்வி. வந்தால், பாட்டிலில் உள்ள தொகுதி எண்ணைத் தரச்சான்றிதழோடு ஒப்பிட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள். எங்களுக்குத் தந்த பில்லில் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார்.