பீ.ஈ. 8 என்று விற்ற வெட்டு ரொட்: கொழும்பில் பாரைக்கு ரொட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பாரை மீனுக்கென்று கனமான பொப்பிங் ரொட் (பொப்பர் என்ற செயற்கை இரையை வீசி, நீர்மட்டத்தில் அடித்து இழுக்கும் தூண்டில் தடி) தேடிக் கொழும்பில் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்கள், காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதை வாசியுங்கள். புத்தம் புதியது, எட்டு அடி, பீ.ஈ. 8 (ரொட்டுக்கேற்ற லைனின் தடிப்பு எண்), வீச்சு எடை (வீசக்கூடிய இரையின் எடை) 80 முதல் 180 கிராம் என்று சொல்லி 64,000 ரூபாவுக்கு விற்ற ரொட் ஒன்று, 110 கிராம் பொப்பரின் நான்காவது வீச்சில் முறிந்தது. மீன் கொத்தவில்லை. பாறையில் சிக்கவும் இல்லை. கல்கிசைக்கு வெளியே, படகில் நின்று வீசும்போதே நுனியிலிருந்து 6 செ.மீ. கீழே படக்கென்று போய்விட்டது. பிறகு அளவுநாடா வைத்துப் பார்த்தபோதுதான், அது ஏற்கெனவே நுனி உடைந்து, வெட்டி, ஸ்டிக்கர் மாற்றி ஒட்டிய பாவித்த ரொட் என்று தெரிந்தது.

கடையின் பெயரை இங்கே போடவில்லை. இந்த வேலையைச் செய்ய ஒரு வாளும் கொஞ்சம் எபொக்சிப் பசையும் போதும், யாரும் செய்யலாம். அதனால் ரொட்டில் எதைப் பார்த்தால் பிடிபடும் என்பதைத்தான் எழுதுகிறோம்.

முதலில் நீளம். எட்டு அடி என்றால் 243.8 செ.மீ. இந்த ரொட் பொருத்திய நிலையில் 236 தான் வந்தது. கடையில் யாரும் ரொட்டை அளந்து பார்ப்பதில்லை, விற்கிறவருக்கு அது நன்றாகவே தெரியும். ஒன்றிரண்டு செ.மீ. வித்தியாசம் தயாரிப்பில் வரலாம். எட்டு செ.மீ. வராது.

அளவுநாடா இல்லாவிட்டாலும் லைன் ஓடும் வளையங்கள் காட்டிக்கொடுக்கும். நுனியிலிருந்து கீழே வர வர வளையங்களுக்கு இடையிலான தூரம் படிப்படியாகக் கூடவேண்டும். எல்லா நல்ல ரொட்டிலும் அப்படித்தான் இருக்கும், ஏனென்றால் நுனிப்பக்கம்தான் அதிகம் வளைகிறது, அங்கே லைனை அடிக்கடி தாங்க வேண்டும். இந்த ரொட்டில் நுனி வளையத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே வெறும் 4 செ.மீ. அதற்கடுத்த இடைவெளி 13, அதற்கடுத்தது 14.5. 4 எங்கே, 13 எங்கே! காணாமல்போன அந்த எட்டு செ.மீ.யைச் சேர்த்தால் முதல் இடைவெளி 12 ஆகும், வரிசை ஒழுங்காகிவிடும். வெட்டின கதை முழுவதும் அந்த ஒரு இடைவெளியில் இருந்தது.

நுனி வளையத்தைக் கழற்றினோம். வழக்கமாக இதைச் சூட்டில் இளகும் பசையால்தான் ஒட்டுவார்கள், லைட்டரால் இலேசாகச் சூடுகாட்டினால் கழன்று வரும், உடைந்தால் மாற்றலாம். இதில் எபொக்சி ஊற்றியிருந்தது. குழாய் ரொட்டை விடப் பெரிதாக இருந்ததால் உள்ளே நூல் சுற்றி இறுக்கியிருந்தார்கள். வெட்டுமுகம் வாளால் அறுத்தது போல் கரடுமுரடு. அந்த முகத்திலிருந்து காபன் நாரின் போக்கிலேயே ஒரு கீறல் கீழ்நோக்கி ஓடியிருந்தது. கீறலின் மேல் 3 செ.மீ.க்குள் மஞ்சள் நிறத்தில் எபொக்சி இறங்கி உறைந்திருந்தது. பசை உள்ளே போக வேண்டுமென்றால், ஒட்டும்போதே கீறல் இருந்திருக்க வேண்டும். இதற்குமேல் வேறு சாட்சி தேவையில்லை.

காபன் ரொட் முறியும்போது முறிந்த இடத்தோடு சேதம் நிற்பதில்லை. நார் நீளவாக்கில் பிளந்துகொண்டு இன்னும் கீழே போகும். கண்ணுக்குத் தெரியும் உடைவை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு வளையம் மாட்டினால் பிளவு உள்ளேயே இருக்கும். அடுத்த வளையத்தின் கால் (ரொட்டோடு சேர்த்துக் கட்டும் பகுதி) முடிகிற இடத்தில்தான் வளைவின் அழுத்தம் குவிகிறது. இங்கே முறிந்ததும் சரியாக அந்த இடத்தில்தான்.

இன்னொரு வில்லங்கம் ஸ்டிக்கரில். எழுத்தின் மேல் தெளிந்த வார்னிஷ் பூசியிருந்தது, ஆனால் நகத்தால் வருடினால் விளிம்பு தட்டுப்பட்டது. உரித்தபோது கீழே பழைய எழுத்தின் தடம்: பீ.ஈ. 6, 120 கிராம் வரை. அதாவது உடைந்த ரொட்டுக்குப் பதவி உயர்வும் கொடுத்திருக்கிறார்கள். ஏன் அதைப் பீ.ஈ. 8 என்று துணிந்து சொல்ல முடிந்தது? நுனியை வெட்டினால் ரொட் கையில் விறைப்பாகத் தெரியும். கடையில் நின்று நாலு தரம் ஆட்டிப் பார்க்கிறவருக்கு “நல்ல ஸ்ட்ரோங்” என்று தோன்றும். “ஜப்பான் சாமான் தம்பி, யானையையும் இழுக்கும்” என்று கடைக்காரர் சொல்லும்போது கையும் ஆமாம் என்கிறது. உண்மையில் வீசும் எடையை ஏற்றுக்கொள்கிற மெல்லிய பகுதி போய்விட்டது. மிச்சம் இருந்தது பிளவு.

பீ.ஈ. எண்ணைப் பற்றித் தெரியாதவர்களிடம்தான் இந்த வித்தை அதிகம் பலிக்கிறது. அது பின்னல் லைனின் தடிப்பைக் குறிக்கும் ஜப்பானியக் கணக்கு. பீ.ஈ. 1 என்றால் 0.165 மில்லிமீற்றர். எண் இரட்டித்தால் விட்டம் இரட்டிப்பதில்லை, குறுக்குவெட்டுப் பரப்புத்தான் இரட்டிக்கும். பீ.ஈ. 4 சுமார் 0.33, பீ.ஈ. 8 சுமார் 0.47. பீ.ஈ. 8 லைன் ஏறக்குறைய 100 இறாத்தலில் அறுகிறது, தயாரிப்பாளருக்குத் தக்கபடி முன்பின் இருக்கும். டிராக்கை (மீன் இழுக்கும்போது லைனை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடியை) லைன் அறும் பாரத்தின் மூன்றிலொன்றுக்கு மேல் வைப்பதில்லை. அதுவே 15 கிலோ. 10 கிலோ டிராக்கில் பெரிய பாரை ஒன்று பாறையைப் பார்த்து ஓடும்போது நின்று பிடிப்பதற்கே முதுகு கழன்றுவிடும். கொழும்பு, நீர்கொழும்புப் பக்கம் சீலாவுக்கும் அறக்குளாவுக்கும் பீ.ஈ. 4 தாராளம். 20 கிலோவுக்குள் பாரை என்றால் பீ.ஈ. 6 போதும். திருகோணமலைப் பாறைகளில் பெரியதைத் தேடிப் போகிறவருக்குத்தான் பீ.ஈ. 8. இங்கே எல்லாருக்கும் அதையே தள்ளுவது விலை கூட என்பதால்தான்.

முறிந்த ரொட்டைத் திருப்பிக் கொண்டுபோனபோது முதல் பதில்: “நீங்க ரொட்டை நிமிர்த்திப் பிடிச்சிருப்பீங்க.” அந்த வாதம் எல்லா இடத்திலும் பொய்யில்லை. மீன் இழுக்கும்போது ரொட்டைச் செங்குத்தாகத் தூக்கினால் பாரம் தண்டிலிருந்து நுனிக்கு மாறும், எவ்வளவு நல்ல ரொட்டும் முறியும். ஆனால் இங்கே மீனே இல்லையே. கீறலுக்குள் உறைந்த பசையைக் காட்டியதும் பேச்சு மாறியது. “சரி, இதைவிடப் பெரிசு ஒண்டு தாறன்” என்று ஒரு ஆறடி இரண்டங்குல ரொட் வந்தது. ஸ்டிக்கரில் பீ.ஈ. 10, 400 கிராம். எண்ணைப் பார்த்தால் லாபம் போலத் தெரியும். அது ஜிக்கிங் ரொட்.

இந்த இடத்தில்தான் பலர் இரண்டாம் முறை ஏமாறுகிறார்கள். ஜிக்கிங் ரொட்டில் எழுதியிருக்கும் 400 கிராம் என்பது படகுக்கு நேர்கீழே இறக்கி ஆட்டும் ஈயத்தின் எடை. அதை யாரும் தலைக்கு மேலால் சுழற்றி எறிவதில்லை. வீசும்போது பொப்பரின் எடை அதன் வேகத்தால் பல மடங்காகி நுனியில் இழுக்கிறது. அந்தச் சுமைக்கென்றே நீண்டு, மேல் மூன்றிலொரு பங்கு வளைந்து கொடுத்து, தண்டு அசையாமல் நிற்கும்படி செய்ததுதான் பொப்பிங் ரொட். நீளம் பெரும்பாலும் ஏழரை முதல் எட்டேகால் அடி. ஆறடி ரொட்டால் 120 கிராமை வீசினால் தூரமும் போகாது, நுனியும் தாங்காது. ஓடும் படகின் பின்னால் இரையை இழுக்கும் ட்ரோலிங் ரொட்டையும் “பெரிய மீனுக்கு” என்று இதே மாதிரி நீட்டுவார்கள். கரையிலிருந்து ஈயம் எறிகிற 13 அடி ரொட்டும் வேண்டாம், அதை வைத்துப் பொப்பரை நாள் முழுவதும் இழுத்து அடிக்கத் தோள் இரும்பாக இருக்க வேண்டும்.

வீச்சு எடையில் எழுதியிருக்கும் எல்லைகளையும் அப்படியே நம்பாதீர்கள். 80 முதல் 180 என்றால் சுகமாக வேலை செய்வது நடுவில், 110 முதல் 140 வரை. “30 முதல் 200 கிராம்” என்று ஒரே ரொட்டில் எழுதியிருந்தால் எழுதியவர் ரொட் வீசினவர் இல்லை. “40 டன் காபன்” என்ற எழுத்தும் விலையேற்றும் எழுத்துத்தான். டன் எண் கூடினால் நார் விறைப்பு, கூடவே முறியும் சுபாவமும். அடிபடும் படகு ரொட்டுக்கு 24, 30 டன் நாரே பல இடங்களில் நல்லது.

கடைக்குப் போகும்போது கொண்டுபோக வேண்டியவை: அளவுநாடா, ஒரு பிடி பஞ்சு, ஃபோன் டோர்ச், பயணப்பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு, கொஞ்சம் பின்னல் லைன் சுற்றிய உங்கள் சொந்த ரீல்.

டோர்ச்சை ரொட்டோடு ஒட்டிச் சாய்வாக அடித்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கீறல் வார்னிஷுக்குள் வெள்ளை மயிர் போலத் தெரியும். பஞ்சை நுனியிலிருந்து அடிவரை உருவினால் நார் எழும்பின இடத்தில் சிக்கும். அதே பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சிக்கினால் பீங்கான் வளையம் வெடித்திருக்கிறது, பின்னல் லைனை அது கத்தி மாதிரி அறுக்கும். வளையங்களுக்கு இரண்டு கால் இருக்க வேண்டும். இந்த எடைக்கு ஒற்றைக்கால் வளையம் என்பது விளையாட்டுச் சாமான். நுனி வளையத்தின் துவாரமும் முக்கியம். லைனின் முனையில் கட்டும், 1 மில்லிமீற்றருக்கு மேல் தடித்த நைலோன் லீடரின் முடிச்சு அதற்குள்ளால் தட்டாமல் போய்வர வேண்டும். வெட்டி ஒட்டின ரொட்டுகளில் கைக்குக் கிடைத்த சின்ன வளையத்தை மாட்டிவிடுவார்கள், ஒவ்வொரு வீச்சிலும் முடிச்சு அடிக்கும்.

ரீல் இருக்கையில் உங்கள் ரீலைப் பூட்டி, ரீலைப் பிடித்துப் பக்கவாட்டில் முறுக்குங்கள். ஒரு நூல் அசைவும் கூடாது. மலிவு ரொட்டுகளில் இருக்கைக்குள் மாஸ்கிங் டேப்பைச் சுற்றி நிரப்பியிருப்பார்கள், உப்புத்தண்ணீர் இறங்கியதும் இருக்கை சுழலத் தொடங்கும். இரண்டு துண்டு பொருந்தும் இடத்தில் ஆட்டினால் ‘டிக்’ சத்தம் வரக்கூடாது. செருகுகட்டை வகை மூட்டு (ஒரு துண்டில் ஒட்டிய கட்டை மற்றத் துண்டுக்குள் செருகுவது) என்றால் பூட்டின பிறகும் நடுவே சில மில்லிமீற்றர் இடைவெளி தெரிய வேண்டும். தேய்மானத்துக்கென்றே விடுவது அது. இடைவெளியே இல்லாமல் முட்டி நின்றால் மூட்டுத் தேய்ந்துவிட்டது, ரொட் புதிதல்ல.

கடைசியாகப் பாரம். கடைக்காரர்கள் நுனியைக் கையால் பிடித்து வளைத்துக் காட்டுவார்கள், அல்லது கூரையில் முட்டி அமத்துவார்கள். அது பரீட்சையல்ல, நல்ல ரொட்டையே கெடுக்கும் வேலை. லைனை எல்லா வளையத்துக்குள்ளாலும் கோத்து, கொக்கித் தராசில் கட்டி, ஒருவர் நாலைந்து மீற்றர் முன்னால் தரைமட்டத்தில் தராசைப் பிடிக்க, நீங்கள் ரொட்டை 45 பாகையில் வைத்து மெதுவாக ஏற்றுங்கள். முதலில் 3 கிலோ, பிறகு 5. பீ.ஈ. 8 பொப்பிங் ரொட்டில் 5 கிலோவுக்கு மேல்பகுதிதான் வளையும், கைப்பிடிக்கு மேலே உள்ள தண்டு ஏறக்குறைய நேராக நிற்கும். அடிவரை வில்லாக வளைந்தால் அது கண்ணாடிநார் ரொட் அல்லது எண் பொய். லைன் எந்த இடத்திலும் ரொட்டின் மேல் உரசக்கூடாது. வளைவு ஒரு இடத்தில் சட்டென்று மடிந்தாற்போல் தெரிந்தாலோ, ‘சரக்’ என்று சின்னச் சத்தம் கேட்டாலோ இறக்கிவிட்டு நன்றி சொல்லி வெளியே வாருங்கள். 5 கிலோ ஏற்ற விடமாட்டோம் என்று சொல்லும் கடையில் 64,000 ரூபா ஏன் ஏற்ற வேண்டும்?

ரீகண்டிஷன் ஜப்பான் ரொட் வாங்குவது தவறே இல்லை. வெட்டினது என்று சொல்லி, அதற்குரிய விலைக்குத் தந்தால் தெரிந்தே வாங்கலாம்.

இந்த ரொட்டின் பில்லில் “பிஷிங் ரொட் – 1” என்று மட்டும்தான் இருந்தது. புதியது என்றோ, எட்டு அடி என்றோ ஒரு எழுத்தில்லை. உத்தரவாத அட்டையில் கடை முத்திரை இல்லை. நீங்கள் வாங்கும்போது ‘புதியது’, நீளம், பீ.ஈ. எண், வீச்சு எடை ஆகிய நான்கையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது. ஏமாந்துவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் வாங்கி மூன்று மாதத்துக்குள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. “கம்பனிக்கு அனுப்பிப் பார்ப்பம், விட்டுட்டுப் போங்க” என்று இழுத்தடிப்பது அந்த மூன்று மாதத்தைத் தின்பதற்குத்தான்.

முறிந்த துண்டுகளைக் கடையில் விட்டுவராதீர்கள். முறிந்த முகங்களைக் கழுவ வேண்டாம், பசை போட்டும் பார்க்க வேண்டாம். பொலித்தீனில் சுற்றி வைத்து, அளவுநாடாவை அருகில் நீட்டிப் படம் எடுங்கள்: முழு நீளம், வளைய இடைவெளிகள், உடைவு, ஸ்டிக்கர், பில். படங்களின் பிரதி மட்டும் கடைக்குப் போகட்டும், துண்டுகள் வீட்டில் இருக்கட்டும்.