டர்பன் வெயிலில் வாட்டர் கூலிங்: 5800எக்ஸ் ஏன் 90 டிகிரியைத் தொட்டது?

வாட்டர் கூலிங் போட்ட கம்ப்யூட்டரில் சிபியு, அதாவது முக்கியச் சிப், சூடாகிறது என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, தண்ணீர் எத்தனை டிகிரி என்பதுதான். பலரிடம் பதில் இருக்காது. சிபியு காட்டும் எண்ணை மட்டும் பார்த்து ஃபேனை மாற்றுவார்கள், சிப்பின் மேல் தடவும் பேஸ்டை மாற்றுவார்கள், கடைசியில் பழியை வெயில் மேல் போடுவார்கள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டில் ஓடும் மெஷினை 2021 கடைசியில் நானே கட்டினேன். ரைசன் 7 5800எக்ஸ் சிபியு, அதன் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் நிக்கல் பூசிய செம்பு பிளாக், தண்ணீரைச் சுற்றவைக்கும் டி5 பம்ப், ஃபேன் காற்றில் அதை ஆறவைக்கும் 360 மிமீ ரேடியேட்டர், கண்ணாடி போன்ற பிவிசி டியூப், உள்ளே ஓடும் தண்ணீராக நீலக் கூலண்ட். இந்தத் தண்ணீர்ச் சுற்றைத்தான் லூப் என்பார்கள்; கிராபிக்ஸ் கார்டு அதில் கிடையாது. தண்ணீரின் சூட்டைக் காட்ட ரிசர்வாயரில், அதாவது தண்ணீர்த் தொட்டியில், ஒரு சின்ன சென்சார். வாங்கியதிலேயே விலை குறைந்தது அதுதான், அதிகம் உழைத்ததும் அதுதான்.

கோயில் விழா, கல்யாண வீடியோக்களை எடிட் செய்வதுதான் இதில் முக்கிய வேலை. தைப்பூசக் காவடி ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது. டர்பனில் அதுவே வெயிலின் உச்சம். பிப்ரவரியில் பகல் உச்சம் சராசரியாக 28 டிகிரி என்றாலும், குரங்குகள் புகுந்துவிடும் என்று ஜன்னலைச் சாத்திவிடுவதால் என் அறை 30-க்குக் குறையாது. ரெண்டர் போட்டால், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக்கினால், சிபியுவுக்கு மணிக்கணக்கில் முழு லோடு.

முதல் வருடம் குறையே இல்லை. அறை 20 டிகிரி இருக்கும் ஜூலைக் குளிரில் தண்ணீர் 27, சிபியு 69 என்று நின்றது. 2024 கோடையில் சிபியு 90-ஐத் தொட்டு வேகத்தைத் தானாகக் குறைக்கத் தொடங்கியது. இந்தச் சிப்புக்கு 90தான் உச்ச வரம்பு. "வெயில் காலம்தானே மாமா, அப்படித்தான் இருக்கும்" என்றான் அக்கா மகன். அறை பத்து டிகிரி ஏறினால் சிபியுவும் ஏறத்தாழ பத்து டிகிரிதான் ஏற வேண்டும். 79 வந்திருந்தால் அவன் சொன்னது சரி. மீதி பதினொரு டிகிரி எங்கிருந்து வந்தது?

இங்கேதான் அந்தச் சென்சார் பேசியது. அறை 30, தண்ணீர் 37. வித்தியாசம் ஏழு, குளிர்காலத்தில் இருந்த அதே ஏழு. அப்படியென்றால் ரேடியேட்டரும் ஃபேனும் தம் வேலையை ஒழுங்காகச் செய்கின்றன. தண்ணீருக்கும் சிபியுவுக்கும் நடுவே 42 ஆக இருந்த இடைவெளிதான் 53 ஆகியிருந்தது. கோளாறு பிளாக்கில், பேஸ்டில், அல்லது தண்ணீர் ஓடும் வேகத்தில். வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

சென்சார் இல்லாதவர்கள் சூடு ஏறும் விதத்தைக் கவனிக்கலாம். லோடு கொடுத்த சில நொடிகளிலேயே எண் மேலே பாய்ந்தால் பிளாக், பேஸ்ட், பிளாக்கை இறுக்கிய விதம் இவற்றைச் சந்தேகியுங்கள். பத்து, இருபது நிமிடம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் ரேடியேட்டர், தூசி, ஃபேன் பக்கம் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் சூடாக நேரம் பிடிக்கும், அவ்வளவுதான் கணக்கு. இரண்டு நிமிட டெஸ்ட் ஓட்டிவிட்டு லூப் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

பம்பின் சுழற்சி எண் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பம்ப் சுழல்வது வேறு, தண்ணீர் ஓடுவது வேறு. பேஸ்டை மாற்றி, திருகுகளைக் குறுக்கு மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியதில் மூன்று டிகிரி குறைந்தது, அதற்கு மேல் இல்லை. பிறகு பிளாக்கைத் திறந்தேன். தலைமுடி அகல இடைவெளிகள் உள்ள செம்புத் தகடுகளுக்கு நடுவே வெளிர்நீலப் பசை அடைத்துக் கிடந்தது. பிவிசி டியூபை வளையும்படி மென்மையாக்கச் சேர்க்கும் ரசாயனம் சூடான தண்ணீரில் மெல்லக் கசியும்; கூலண்ட் சாயமும் அதோடு சேர்ந்து தகடுகளில் படியும். டியூபின் உள்பக்கமும் பால் போல மங்கியிருந்தது. உங்கள் டியூப் அப்படி மங்கியிருந்தால் பிளாக்கைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது.

வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, மென்மையான பல் துலக்கும் பிரஷ். இவை போதும். வினிகர் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. நிக்கல் பூச்சின் மேல் நான் ஊற்ற மாட்டேன். பிரிக்கும்போது உள்ளே இருக்கும் மெல்லிய தகடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று போட்டோ எடுத்து வையுங்கள். கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர். டியூபைக் கறுப்பு ஈபிடிஎம் ரப்பருக்கு மாற்றி, சாயமில்லாத கூலண்ட் நிரப்பினேன். நீல அழகு போனது, வருத்தமில்லை. மதர்போர்டுக்குக் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, இணைப்புகளுக்கு அடியில் டிஷ்யூ பேப்பர் விரித்து ஓர் இரவு முழுக்கக் கசிவு பார்த்தேன். அடுத்த ரெண்டரில் அறை 30, தண்ணீர் 37, சிபியு 79.

லூப்பில் ரேடியேட்டரை எந்த இடத்தில் வைப்பது, தண்ணீர் முதலில் எதற்குள் போவது என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் ஓடும் லூப்பில் 140 வாட் சூடு தண்ணீரை ஒரே ஒரு டிகிரிதான் ஏற்றும். சூட்டைப் பொறுத்தவரை எந்த வரிசையில் போட்டாலும் ஒன்றுதான். டர்பன் புழுக்கத்தைப் பற்றியும் பயம் வேண்டாம். ஈரக்காற்றில் நம் வியர்வை உலராது, ரேடியேட்டருக்கு வியர்வை கிடையாது. தண்ணீர் அறையைவிடக் குளிராது என்பதால் குழாய் மேல் பனி கோக்கவும் வழியில்லை. லோட் ஷெடிங்கில் பாதி ரெண்டரில் கரண்ட் போனால் சிப் கருகிவிடும் என்பார்கள். பம்ப் நிற்கும் அதே நொடியில் சிபியுவும் நின்றுவிடுகிறதே. கரண்ட் திரும்பி வரும்போது பாயும் மின்னழுத்தத்துக்குத்தான் பாதுகாப்பு வேண்டும்.

எங்கள் வீட்டில் தூசிக்கு இன்னொரு காரணமும் உண்டு: வெள்ளிக்கிழமை சாம்பிராணி. புகை பிசுபிசுப்பாகப் படிந்து தூசியை இழுத்து ஒட்டவைக்கிறது. கம்ப்யூட்டர் சாமி அறைக்குப் பக்கத்தில் இருந்தால் ரேடியேட்டரை மாதம் ஒருமுறை ஊதிவிடுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே உயரம் சுமார் 1,750 மீட்டர், காற்று மெலிது. அதே வேகத்தில் சுழலும் ஃபேன் குறைவாகத்தான் சூட்டை இழுக்கும். அறை குளிர்ச்சியாக இருப்பதால் பெரும்பாலும் சமன் ஆகிவிடும்.

இந்தச் சிப்புக்கு இப்படி நாமே கட்டும் கஸ்டம் லூப் தேவையா என்றால், சூட்டுக்காக மட்டும் வேண்டாம் என்பேன். எட்டு கோர்களின் சூடும் சுமார் 80 சதுர மில்லிமீட்டர் சில்லிலிருந்து வெளியேற வேண்டும். நெருக்கடி அங்கேதான், எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டாலும் அது தீராது. எனக்கு வேண்டியிருந்தது சத்தமில்லாத அறை, அது கிடைத்திருக்கிறது. பிப்ரவரியில் மட்டும் மதர்போர்டின் அமைப்புப் பக்கமான பயாஸில், மின்சாரம் சேமிக்கும் '65 வாட்' ஈகோ மோடுக்கு மாற்றிவிடுகிறேன். 65 என்பது பெயரளவு எண்தான். சிபியு இழுப்பது 142 வாட்டிலிருந்து 88-க்கு இறங்குகிறது, ரெண்டர் சற்றே தாமதம், அறையில் உட்கார முடிகிறது.

வருகிற ஜூனில் கூலண்ட் மாற்றும்போது பிளாக்கை மறுபடி திறப்பேன். ரப்பர் டியூபுக்குப் பிறகு தகடுகள் எப்படி இருக்கின்றன என்பதைப் படத்தோடு எழுதுகிறேன்.