கைக்கு 42,000 ரூபாயா, இ.பி.எப்போடு 38,000 ரூபாயா?

மட்டக்களப்பு நகரக் கடைகளிலும் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து அரிசி ஆலைகளிலும் ஆள் எடுக்கும்போது சம்பளம் இரண்டு விதமாகப் பேசப்படுகிறது. ஒன்று, "கைக்கு 42,000, வேற ஒண்டும் இல்ல." மற்றது, "38,000, இ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி), இ.ரி.எப் (ஊழியர் நம்பிக்கை நிதி) இருக்கு." நான் தெரிவுசெய்தது இரண்டாவதை. இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

முதலாவதில் கைக்காசு கூட என்பது வெளிப்படை. இரண்டாவதில் உங்கள் பங்கு 8 வீதம், 3,040 ரூபாய் கழிந்து 34,960தான் வரும். மாதம் 7,040 ரூபாய் குறைவு. கிழமைக்குக் கிழமை லோன் கட்டுகிற வீட்டுக்கு அது பெரிய காசு. அறுவடைக் காலத்துக்கு மட்டும் நிற்கப்போகிறவருக்கும் முதலாவது வசதியாகத் தெரியலாம். ஆனால் ஒரேயொரு ஆள் வேலை செய்தாலும், நாட்சம்பளமானாலும், முதல் நாளிலிருந்தே இ.பி.எப் கட்டவேண்டும் என்பதுதான் 1958ஆம் ஆண்டுச் சட்டம். "வேற ஒண்டும் இல்ல" என்று பேசி முடித்தாலும் அந்த உரிமை போய்விடாது.

இனி மறுபக்கம். முதலாளி இ.பி.எப்புக்கு 12 வீதம், 4,560 ரூபாய் போடவேண்டும். இ.ரி.எப் 3 வீதம், 1,140 ரூபாய். உங்கள் 3,040ஐயும் சேர்த்தால் மாதம் 8,740 ரூபாய் உங்கள் பெயரில் சேரும். கைக்காசோடு மொத்தம் 43,700.

எல்லாம் தங்கியிருப்பது ஒரே கேள்வியில்: அந்த 38,000 முழுவதுக்கும் கட்டுகிறார்களா? பல இடங்களில் அடிப்படைச் சம்பளம் 30,000, மீதி 8,000 "வரவுக் கொடுப்பனவு" என்று பிரித்து எழுதி, 30,000க்கு மட்டும் கட்டுகிறார்கள். அப்போது முதலாளி பக்கத்திலிருந்து வரவேண்டியதில் மாதம் 1,200 ரூபாய் குறையும். ஐந்து வருடத்தில் வட்டி இல்லாமலே 72,000. இழப்பு அதோடு நிற்காது. 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு வேலையை விடும்போது வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் பணிக்கொடை உண்டு. 38,000க்கு அது 95,000; 30,000க்கு 75,000 மட்டுமே. ஓ.ரி. (மேலதிக நேர வேலை) காசுக்கு இ.பி.எப் இல்லை என்பது சரி. வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவுக்கு உண்டு. ஆடைத்தொழிற்சாலைகளில் ஊக்கக் கொடுப்பனவு இடத்துக்கு இடம் மாறுவதால், இந்தக் கணக்கை அங்கே அப்படியே பொருத்தவேண்டாம்.

இ.பி.எப் காசு ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது வரை பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். அந்தக் குறை உண்மைதான். இ.ரி.எப்பை வேலை விட்டதும் எடுக்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை.

சேருமுன் இ.பி.எப் எந்தத் தொகைக்கு என்று கடிதத்தில் எழுதி வாங்குங்கள். உறுப்பினர் இலக்கத்தைக் கேளுங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம் இரண்டும் அட்டையில் உள்ளபடியே பதிவாகியிருக்கவேண்டும். ஓர் எழுத்துப் பிசகினாலும் காசு எடுக்கும் நாளில் இழுபடும். சம்பளச் சிட்டையில் 8 வீதம் கழிந்திருப்பதால் மட்டும் காசு கட்டப்பட்டது என்று எடுக்கமுடியாது. கழித்துவிட்டுக் கட்டாமல் விடுவதும் நடக்கிறது. ஒரு மாதத்துக் காசு அடுத்த மாத முடிவுக்குள் போய்ச் சேரவேண்டும். மூன்று, நான்கு மாதம் கழித்து உங்கள் இ.பி.எப் கணக்கு மீதியைப் பாருங்கள். வரவில்லையென்றால் சம்பளச் சிட்டைகளோடு மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். பிந்திய காசுக்கு மேல்கட்டணமும் முதலாளிதான் கட்டவேண்டும், அதை உங்கள் சம்பளத்தில் கழிக்கமுடியாது.