விண்டோஸ் போடக் கொடுத்தீர்களா? அப்டேட்டை நிறுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள்

கிளிநொச்சிப் பக்கம் கணினி திருத்தக் கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

எங்கள் தட்டச்சு, போட்டோகொப்பிக் கடைக் கணினிகள் இழுபடுகின்றன என்று ஒரு திருத்தகத்தில் கொடுத்தோம். விண்டோஸ் புதிதாகப் போட்டு, காசையும் முழுதாக வாங்கினார்கள். அப்டேட்டை அடியோடு நிறுத்திவிட்டதை மட்டும் சொல்லவில்லை.

சில மாதம் போக, ஒரு காலை எந்த ஃபைலும் திறக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் விளங்காத எழுத்துகள். பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. சனம் ஸ்கான் செய்து வைக்கச் சொன்ன காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் போயின. இடம்பெயர்வில் மூலத்தைத் தொலைத்து, கிடைத்த ஒரு நகலை நம்பித் தந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் மருமகன் வந்து பார்த்தான். அப்டேட் ஹிஸ்ட்ரி வெறுமை. அப்டேட் சேவைக்கு நேரே 'டிஸேபிள்ட்'. வைரஸ் காவலும் நிறுத்தப்பட்டிருந்தது. திருத்தகத்தில் கேட்டால், "டேட்டா மிச்சம் அண்ணை. அப்டேட் போட்டால் கிராக் விண்டோஸ் பிடிபடும்" என்றார்கள். கிராக், அதாவது உரிமம் இல்லாத திருட்டுப் பிரதி என்பதே அப்போதுதான் தெரியும். அப்புறம் மீட்டுத் தருவதாக முற்பணம் வாங்கி, போர்மட் அடித்துக் கையில் தந்தார்கள்.

2017 மே மாதம், இதேபோல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வொன்னாகிரை வைரஸ் பிரித்தானிய வைத்தியசாலைகளையே முடக்கியது. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொஃப்ட் மார்ச் 14ஆம் திகதியே வெளியிட்டுவிட்டது. அப்டேட் வந்ததும், எதை மாற்றியிருக்கிறார்கள் என்று பழையதோடு ஒப்பிட்டே ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் போடாத கணினிக்கு ஆபத்து நாளுக்கு நாள் கூடும்.

விண்டோஸின் மாதாந்தப் பாதுகாப்பு அப்டேட் இரண்டாம் செவ்வாய், நமக்கு இரவில் வரும். பிழையான அப்டேட்டும் வருவதுண்டுதான். சரி, இரண்டொரு நாள் பொறுங்கள். வார இறுதிக்குள் போட்டுவிடுங்கள். பிரவுசருக்கு அந்தப் பொறுமையும் வேண்டாம். பெரிய பதிப்பு மாற்றத்தை ஆறுதலாகச் செய்யலாம்.

கணினியை எடுக்கப் போனால், காசு கொடுக்கமுன் அவர்கள் முன்னாலேயே அப்டேட் பக்கத்தைத் திறந்து ஓடவிட்டுப் பாருங்கள். பில்லும் கேட்டு வாங்குங்கள். எங்களுக்குத் தரவேயில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறைப்பாடு செய்யப் போனால் அந்தத் துண்டு உங்கள் கையில் இருக்கவேண்டும்.