35 லிட்டர் முதுகுப்பை, அதில் தைத்த ரெயின் கவர்: நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

நான் 2,400 ரூபாய் கொடுத்து வாங்கிய முதுகுப்பை இப்போது 1,199 ரூபாய்க்கு விற்கிறது. லாஸ்பேட்டையில் இருக்கும் தங்கை அந்த விளம்பரத்தை அனுப்பி, "அக்கா, உன்னிடம் இருப்பது இதுதானே? அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளைத் தீம் பார்க் அழைத்துப்போகிறோம், வாங்கலாமா?" என்று கேட்டிருந்தாள். அதே வாரத்தில்தான் பையின் ஜிப்பை மஞ்சக்குப்பத்தில் பழுதுபார்த்து வாங்கி வந்திருந்தேன். நல்ல மனநிலையில் இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எத்தனை அறைகள், எத்தனை நிறங்கள், தோள்பட்டையில் எவ்வளவு பஞ்சு என்பதெல்லாம் விற்கிற இடத்திலேயே எழுதியிருக்கிறது. நான் சொல்ல வந்தது அதன் அடியில் தைத்திருக்கும் ரெயின் கவரைப் பற்றி. அதை நம்பித்தான் இந்தப் பையை வாங்கினேன். கடலூரில் குடியிருப்பவர்கள் வேறு எதை நம்பி வாங்குவார்கள்?

எங்கள் பள்ளி விடுமுறைகள் ஒவ்வொன்றும் வானத்தை நம்ப முடியாத நாட்களில்தான் வந்து விழுகின்றன. காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில். பகலெல்லாம் வெயில் கொளுத்தும், மாலையில் மேற்கே இடி முழங்கத் தொடங்கும். அரையாண்டு விடுமுறை வடகிழக்குப் பருவமழையின் வால் பகுதியில். பருவமழை முடிந்துவிட்டது என்று சொல்லி டிக்கெட் எடுக்க யாருக்கும் இங்கே துணிச்சல் வராது. 2011இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது டிசம்பர் 30ஆம் தேதி. 2024இல் ஃபெஞ்சல் நவம்பர் 30 இரவு வந்து, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிவிட்டுப் போனது. துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் இந்த ஊரில் பெட்டி கட்டுவோம். கோடை விடுமுறையில் போகலாம் என்றால், இங்கே கத்திரி வெயில், பெங்களூரில் மாலை மழை. கேரளப் பக்கம் ஜூன் பிறந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆக, ஒரே நாளுக்கு வெயிலுக்கும் மழைக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். தீம் பார்க் என்றால் மூன்றாவதாக ஒன்றும் உண்டு: நீர் விளையாட்டு. இந்தப் பையைச் செய்தவர்களுக்குத் தெரியாமல் போனது அந்த மூன்றாவதுதான்.

பூங்காவுக்குள் நுழைந்த அரை மணி நேரத்தில் பை லாக்கருக்குள் போய்விடுகிறது. மழை பெய்தால் நனைவது நாம். பை அங்கே சுகமாக இருக்கிறது. பிற்பகலில் குளத்திலிருந்து ஏறி வந்து, நான்கு பேரின் சொட்டச் சொட்ட நனைந்த உடைகளை அதற்குள் திணிக்கும்போதுதான் பைக்கு ஆபத்து. அதாவது ஈரம் உள்ளேயிருந்து வருகிறது. ரெயின் கவரோ வெளியே நின்று காவல் காக்கிறது.

அந்தக் காவலையாவது ஒழுங்காகச் செய்கிறதா என்றால், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கவரை மடித்து வைக்கப் பையின் அடியில் ஒரு சிறிய அறை. தொலைந்துவிடக் கூடாது என்று அதை ஒரு நாடாவால் பையோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்த நாடாதான் என் பகை. கவர் நனைந்த பிறகு அதைத் தனியே கழற்றிக் காயப்போட முடியாது. காயவேண்டுமானால் பையையே தூக்கிக் கொடியில் தொங்கவிட வேண்டும். லாட்ஜ் அறையில், எல்லாப் பொருளும் உள்ளே இருக்கும் பையை எங்கே தொங்கவிடுவது? எனவே ஈரத்தோடு சுருட்டி அதே அறைக்குள் திணிக்கிறோம். மறுநாள் காலை அதைத் திறந்தால் வரும் வாடையை விவரிக்கப் போவதில்லை. டிசம்பரில் எங்கள் வீட்டு மாடியிலேயே துணி காய இரண்டு நாள் ஆகும். அடி அறைக்குள் சுருண்டு கிடக்கும் கவரைக் கேட்கவா வேண்டும்?

அடுத்தது முதுகுப் பக்கம். எந்த ரெயின் கவரும் முதுகோடு ஒட்டும் பக்கத்தை மூடாது. தோள்வார் வெளியே வர வேண்டும் அல்லவா? இது இந்தப் பைக்கு மட்டும் உள்ள குறை இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கழுத்திலிருந்து வழியும் தண்ணீர் தோள்வார் வழியாக இறங்கி முதுகுப் பஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. வழிந்த மிச்சம் கவரின் அடியில் தேங்குகிறது. தேங்கிய தண்ணீர் வெளியேற அங்கே ஒரு சிறு துளையாவது வேண்டும். இல்லை. இ.சி.ஆர். வழியாகத் திரும்பிய ஒரு மாலை, நல்ல மழையில் பஸ் பிடித்து ஏறி, உட்காருவதற்காகக் கவரைக் கழற்றினேன். தேங்கியிருந்ததெல்லாம் பக்கத்து இருக்கை அம்மாவின் புடவையில் கொட்டியது. மரக்காணம் வரும்வரை அவர் என்னிடம் பேசவில்லை. அதற்குப் பிறகு பேசினார். அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம்.

துளைப் பிரச்சினைக்குத் தீர்வு கடலூரிலேயே கிடைத்தது. பேனர் கடையில், கயிறு கோக்க ஓரங்களில் அடிப்பார்களே உலோக வளையம், அதில் ஒன்றைக் கவரின் அடியில் அடித்துத் தந்தார்கள். காசு கூட வாங்கவில்லை. இன்றுவரை தண்ணீர் தேங்கவில்லை. பேனர் கடைக்காரருக்குத் தோன்றியது, 2,400 ரூபாய்க்குப் பை விற்பவர்களுக்கு ஏன் தோன்றவில்லை?

இவ்வளவு திட்டிய பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. பையின் கீழ்ப்பகுதியில் ஷூ வைக்கவென்று தனி அறை ஒன்று இருக்கிறது. வாங்கும்போது அதை நான் மதிக்கவே இல்லை. ஆரஞ்சு நிறக் கவரைக் காட்டி விற்றவர்கள் இதைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தார்கள். ஆனால் பையிலேயே உருப்படியான பகுதி அதுதான். அதன் உட்புறம் முழுக்கத் தண்ணீர் இறங்காத துணி. மேல் அறைக்கும் அதற்கும் நடுவே அதே துணியில் தடுப்பு. பிழிந்த நைலான் உடைகள், நீச்சல் உடை, துண்டு எல்லாவற்றையும் அதில் திணித்து, இரவு பஸ்ஸில் பெங்களூரிலிருந்து திருவண்ணாமலை வழியாக வந்து இறங்கியபோது மேலே இருந்த புளியோதரைப் பொட்டலத்தின் காகிதம்கூட நமத்துப்போகவில்லை. அந்த அறை நிரம்பினால் மேல் அறையின் இடத்தைத் தின்றுவிடுகிறது என்பது உண்மை. தின்றுவிட்டுப் போகட்டும்.

நீர் விளையாட்டுக்குப் பருத்தி உடையை அனுமதிப்பதில்லை என்பது பெரும்பாலான பூங்காக்களில் விதி. நைலான், பாலியெஸ்டர், லைக்ரா என்று கேட்பார்கள். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், சறுக்கில் இழுத்துப் பிடிக்கும், நூல் பிரிந்து நீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டியில் போய்ச் சேரும். உடை இல்லாமல் போனால் வாசலிலேயே கடை இருக்கிறது; அங்கே விலை கேட்டவர்கள் அடுத்த முறை மறக்காமல் எடுத்துப்போவார்கள். எங்களுக்கு அது வேறு வகையில் லாபம்: நைலானை இரண்டு முறை முறுக்கிப் பிழிந்தால் பாதி ஈரம் போய்விடும். துண்டும் அப்படித்தான். பூத்துண்டு எடுத்துப்போனால் அது ஒன்றே ஷூ அறையை நிரப்பும். ஈரிழைத் துண்டு நான்கு வைக்கலாம், மின்விசிறிக் காற்றிலேயே காயும்.

குடை எடுத்துப்போக மாட்டேன். ராட்டினத்தில் ஏறும்போது அதை யாரிடம் கொடுப்பது? கடற்காற்றில் குடை படும் பாட்டைக் கடலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்குப் பதிலாகத் தலைவழியாக மாட்டும் மழை அங்கி, பெரியவர் அளவில். அதைப் பைக்கும் சேர்த்து மேலே போட்டுக்கொண்டால் முதுகு, தோள்வார், பை மூன்றும் நனையாது. இதைக் கண்டுகொண்ட பிறகு ரெயின் கவரை வெளியே எடுப்பதே குறைந்துபோனது. இன்னொன்று, உள்ளே இடும் உறை. மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய தடித்த பாலிதீன் உறையைப் பைக்குள் விரித்து, அதற்குள் மாற்று உடைகளை வைத்து வாயைச் சுருட்டிவிடுகிறேன். மலையேறுபவர்கள் பலர் வெளிக் கவரைவிட உள் உறையைத்தான் நம்புகிறார்கள். மழை எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அதற்குக் கவலை இல்லை.

இவையெல்லாம் எப்போது கைகொடுக்கின்றன என்றால், மின்னல் வெட்டும் அந்தப் பத்து நிமிடத்தில். சாதாரணத் தூறலுக்குப் பூங்காக்காரர்கள் அசைவதில்லை. மின்னல் கண்டால் உயரமான ராட்டினங்களை நிறுத்துவார்கள், குளங்களிலிருந்து எல்லோரையும் வெளியே வரச் சொல்வார்கள். ஒரே நேரத்தில் பூங்கா முழுவதும் லாக்கர் அறைக்கு ஓடி வரும். அந்த நெரிசலில், அழுகிற பிள்ளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடி அறையைத் திறந்து, நாடாவோடு வரும் கவரை விரித்து நான்கு முனையும் இழுத்து மாட்டிப் பாருங்கள். மழை அங்கியைத் தலையில் போட நொடிகள் போதும்.

லாக்கர் பற்றியும் ஒரு வார்த்தை: 35 லிட்டர் பை நிரம்பியிருந்தால் சிறிய லாக்கரில் நுழையாது. பெரியதற்குக் கூடுதல் காசு. ஷூ அறையைக் காலியாக வைத்து அமுக்கினால் சில இடங்களில் நுழைந்துவிடும். வாசல் சோதனையிலும் அந்த அறைதான் சந்தேகத்திற்கு ஆளாகிறது. வெளி உணவைத் தேடும் காவலர்களுக்கு அடியில் ஒரு ஜிப்பைக் கண்டால் தனி உற்சாகம்.

இப்போது பழுது. பிரதான ஜிப் மூடியபடியே வாயைப் பிளந்துகொண்டது. பல் வரிசை நைலான். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ரன்னர் உலோகம், உப்புக்காற்றில் அரித்து, விரிந்து, பற்களைச் சேர்த்துப் பிடிக்க முடியாமல் போயிருந்தது. முழு ஜிப்பையும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள். மஞ்சக்குப்பத்தில் பை தைப்பவர் ரன்னரை மட்டும் மாற்றி ஐம்பது ரூபாய் வாங்கினார், மெழுகுவத்தியைத் தேய்த்து ஓட்டியும் காட்டினார். கடலோரத்தில் இருக்கிறவர்கள் எந்தப் பைக்கும் அந்த மெழுகைத் தேய்த்து வைப்பது நல்லது.

அவர்தான் பையைப் புரட்டிப் பார்த்து இன்னொன்றைக் காட்டினார். மேல்துணியின் உட்பூச்சு பொடுகு போல உதிரத் தொடங்கியிருக்கிறது. இது பாலியூரித்தேன் பூச்சு. காற்றிலுள்ள ஈரமே அதை மெல்ல உடைக்கும், வெப்பமும் சேர்ந்தால் விரைவாக உடைக்கும். நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. பையை பாலிதீனில் சுற்றிப் பரணில் போடாமல் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டால் சில காலம் தள்ளிப்போகும். ஷூ அறையின் துணியில் வேறு ஏதோ பூச்சு. அங்கே ஓர் உதிரலும் இல்லை. பாராட்டுகிறேன், மீண்டும் அதே அறையை.

சரி, வாங்கலாமா? தோள் வலிக்காத பை, ஷூ அறை அருமை, ரன்னர் ஐம்பது ரூபாய் விஷயம். கணக்குப் போட்டால் 1,199 ரூபாய்க்கு இது மலிவுதான். ஆனாலும் தங்கைக்கு வாங்காதே என்றுதான் எழுதினேன். காயவைக்க முடியாத ஒரு துணியை மழைக்கென்று தைத்து விற்பவர்களுக்கு இன்னொரு வீட்டிலிருந்து பணம் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. நான் கொடுத்ததில் பாதி விலைக்கு அவளுக்குக் கிடைக்கிறது என்ற எரிச்சலும் அதில் கலந்திருக்கலாம். "அப்படியானால் உன்னுடையதை இரவல் கொடு" என்றாள். தர முடியாது என்று சொல்லிவிட்டேன். பொங்கலுக்குள் எங்களுக்கும் ஒரு பயணம் இருக்கிறது.

என் பேச்சைக் கேட்காமல் வாங்குகிறவர்கள், வந்த அன்றே அந்த நாடாவின் தையலைப் பிளேடால் பிரித்து, அந்த இடத்தில் ஒரு அழுத்துப் பொத்தான் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு நிறம் வேண்டாம். உட்புறமும் கறுப்பு, லாக்கர் அறையின் மங்கிய வெளிச்சத்தில், பின்னால் இருபது பேர் காத்து நிற்க, பிள்ளையின் கறுப்பு சாக்ஸை அதற்குள் தேட வேண்டியிருக்கும். விலை குறைந்திருப்பது கறுப்புக்கு மட்டும்தான் என்பதையும் விளம்பரத்தின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.