வேப் டேங்க்கைக் கழுவ எது தேவலை? மலையகக் குளிருக்கு ஓர் ஒப்பீடு

வேப் என்கிற ஈ-சிகரெட்டில் திரவம் ஊற்றுகிற டேங்க்கை எதைப் போட்டுக் கழுவுவது என்று கேட்டால் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். ஒருவர் வினாகிரி என்பார், இன்னொருவர் அப்பச்சோடா என்பார், வெளிநாட்டில் இருந்து லீவில் வந்த அண்ணன் வோட்கா என்பார். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த யோசனைகள் பெரும்பாலும் வெயிலும் காற்றும் உள்ள ஊர்களில் பிறந்தவை. ஆடி மாத மூட்டத்தில் துவைத்துப் போட்ட பெனியனே நாள்கணக்கில் ஈரமாகக் கிடக்கும் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் கணக்கு வேறு. இங்கே அழுக்கைப் போக்குவது சுலபம், ஈரத்தைப் போக்குவதுதான் பாடு. அதனால் ஒவ்வொரு முறையையும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கிறேன்: அழுக்கு போகிறதா, போன பிறகு சாமான் சீக்கிரம் காய்கிறதா?

முதலில் அழுக்கு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். டேங்க்கில் ஊற்றுகிற திரவமான ஜூஸில் பெரும்பங்கு இரண்டே பொருள்தான், புரோப்பிலீன் கிளைகோல், தாவரக் கிளிசரின். இரண்டும் தண்ணீரில் நன்றாகக் கரையும். மீதி வாசனைச் சரக்கு, இனிப்பு, நிக்கொட்டின். இனிப்புக்குப் போடுகிற சுக்ரலோஸ் ஆவியாகிப் போகாமல், ஜூஸைச் சூடாக்குகிற கம்பிச் சுருளான கொயிலில் கருகி ஒட்டிக்கொள்ளும். புதினா, கறுவா மாதிரி வாசனைகள் எண்ணெய்த் தன்மை உள்ளவை, அவை ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்துக்குள் ஊறிவிடும். ஆக, கண்ணாடியிலும் உலோகத்திலும் ஒட்டியிருப்பது தண்ணீருக்கே போகும். கொயிலின் கறுப்பும் ஓ-ரிங்கின் வாசமும்தான் மல்லுக்கட்டும்.

சுடுதண்ணீர்

செலவு இல்லை, வாசம் இல்லை, மிச்சம் எதுவும் ஒட்டாது. வாரம் ஒரு தடவை கழுவுகிறவருக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. கொயிலைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, வாய்ப்பகுதி, மூடி, கண்ணாடிக் குழாய், அடிப்பாகம், ஓ-ரிங்குகள் என்று எல்லாவற்றையும் பிரித்து ஒரு கோப்பைக்குள் போடுங்கள். பேசினுக்குள் நேராகப் போடாதீர்கள். ஓ-ரிங் ஒன்று ஓட்டை வழியாகப் போனால் அன்றைக்கு வேப் இல்லை. கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, குலுக்கி, தண்ணீரை மாற்றி இன்னொரு தடவை. இரண்டாவது தண்ணீர் தெளிவாக இருந்தால் வேலை முடிந்தது.

ஒன்றில் மட்டும் கவனம். இரவெல்லாம் ஜன்னலோரம் கிடந்த கண்ணாடி காலையில் சில்லிட்டுப் போயிருக்கும். அதில் கேத்தல் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மலிவான கண்ணாடி ‘டிக்’ என்று கீறல் விடும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும், ஆனால் கண்ணாடியை உடைக்க அதுவே போதும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் காட்டி எடுத்துவிட்டு அப்புறம் சூட்டுக்குப் போங்கள்.

பாத்திரம் கழுவும் திரவம்

புதினா ஜூஸ் முடித்துவிட்டு மாம்பழத்துக்கு மாறுகிறீர்கள் என்றால் சுடுதண்ணீரில் ஒரு சொட்டு விட்டுக் கழுவலாம், எண்ணெய் வாசனையை இது இழுத்தெடுக்கும். இரண்டு சொட்டானால் அடுத்த டேங்க் முழுக்க எலுமிச்சை மணம்தான். துணி துவைக்கும் சவர்க்காரக் கட்டி வேண்டவே வேண்டாம், திருகு மரைகளுக்குள் போய்ப் படிந்துவிடும்.

வினாகிரியும் அப்பச்சோடாவும்

வினாகிரிக்குக் கிடைக்கிற புகழ் பெரும்பாலும் உவர்த்தண்ணீர் ஊர்களில் சம்பாதித்தது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இருந்து வருவது, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். அந்த வெள்ளையைக் கரைப்பதற்கு வினாகிரியை விட நல்லது சமையலறையில் இல்லை. மலையில் ஓடிவருகிற தண்ணீர் மென்மையானது. பீலித் தண்ணீரில் வருடக்கணக்காகத் தேத்தண்ணீர் கொதிக்கும் கேத்தலைத் திறந்து பாருங்கள், சுரண்டுகிற அளவுக்கு எதுவும் இருக்காது. டேங்க்கிலும் அப்படித்தான். படியாத சுண்ணாம்பைக் கரைக்க எதற்கு வினாகிரி? மாத்தளை, திகன பக்கம் கிணற்றுத் தண்ணீர் பாவிக்கிறவர்களுக்கு வேண்டுமானால் இது உதவும், அங்கே நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் உண்டு.

பண்டாரவளையில் ஒரு கூட்டாளி இதை ஒத்துக்கொள்ளவே மாட்டான். “மச்சான், வினாகிரி போட்டாத்தான் பளபளன்னு வருது” என்பான். பளபளப்பு உண்மைதான். உலோகத்தில் படிந்த மங்கலை அமிலம் எடுத்துவிடும். ஆனால் அடிப்பாகத்தின் திருகிலும் நடு ஊசியிலும் இருப்பது மெல்லிய முலாம். மணிக்கணக்கில் ஊறவிட்டால் முலாமையும் தின்னும். போட்டே ஆக வேண்டுமென்றால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பத்து நிமிடத்துக்கு மேல் விடாமல், கடைசியில் மூன்று தடவை அலசுங்கள். ஓ-ரிங்குகளை அதற்குள் போடவே வேண்டாம், அச்சாறு வாசம் லேசில் போகாது.

அப்பச்சோடாவுக்கு என்னிடம் இன்னும் கொஞ்சம் மரியாதை உண்டு. கறுவா வாசம் பிடித்த ஓ-ரிங்குகளை ஒரு தேக்கரண்டி சோடா கலந்த வெந்நீரில் இரவு முழுக்கப் போட்டு வைத்தால் வாசம் பாதியாவது குறையும். கண்ணாடியையும் உலோகத்தையும் இதில் தேய்க்காதீர்கள். நன்றாக அலசாவிட்டால் காய்ந்த பிறகு வெள்ளைத் தூள் மிஞ்சும், அதை இழுக்கப்போவது நீங்கள்தான்.

இரண்டையும் ஒன்றாக ஊற்றி நுரை பொங்குவதை வீடியோவில் காட்டுகிறார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிட்டு, காற்றும் உப்புத் தண்ணீரும்தான் மிஞ்சும். இரண்டு பொருளும் வீண்.

ஸ்பிரிட் வகைகள்

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் ஒரே பெயரில் பல சரக்கு. பார்மசியில் போய் ‘ஸ்பிரிட்’ என்று கேட்டால் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் போத்தலைத் தந்துவிடுவார்கள். தோலில் பூசுவதற்குச் செய்த அதில், செய்முறையைப் பொறுத்து, ஆமணக்கெண்ணெயும் வலிமருந்து மணமுள்ள சேர்மானமும் கலந்திருக்கும். ஸ்பிரிட் பறந்துவிடும், எண்ணெய் டேங்க்கிலேயே தங்கிவிடும். கொவிட் காலத்தில் வாங்கி மிஞ்சிய கை கழுவும் ஜெல்லும் இதே கதை. நீங்கள் கேட்க வேண்டியது ஐசோப்ரோப்பைல் அல்கஹோல், 70 வீதமோ அதற்கு மேலோ, வேறெதுவும் கலக்காதது.

வோட்கா யோசனை மோசமில்லை. 40 வீத மதுசாரம், மீதி தண்ணீர், நிறமும் இனிப்பும் இல்லை. கழுவும், ஆனால் காய வைக்காது, பாதிக்கு மேல் தண்ணீர்தானே. அதற்குப் பதிலாக வீட்டில் இருக்கிற சாராயத்தை ஊற்றலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம். நிறத்துக்குச் சேர்க்கிற சரக்கு பிசுக்காக ஒட்டும். அதை அதன் வேலைக்கே விட்டுவிடுங்கள்.

ஐசோப்ரோப்பைலின் உண்மையான பலம் கழுவுவதில் இல்லை. சுடுதண்ணீரில் கழுவி முடித்த உலோகத்தையும் கண்ணாடியையும் கடைசியாக இதில் ஒரு முக்கு முக்கி எடுத்தால், சந்துபொந்தில் நிற்கும் தண்ணீரோடு கலந்து அதையும் இழுத்துக்கொண்டு பறந்துவிடும். மூட்டமான நாளில் இதற்கு ஈடு கிடையாது. பிளாஸ்டிக் டேங்க், அக்ரிலிக் வாய்ப்பகுதி, ஓ-ரிங் இவற்றுக்கு மட்டும் காட்டாதீர்கள். அக்ரிலிக்கில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு விழும். வாசம் முழுதாகப் போகும்வரை பூட்டவும் கூடாது, பக்கத்தில் அடுப்போ நெருப்புப்பெட்டியோ இருக்கவும் கூடாது.

நகைக்கடையிலும் மூக்குக்கண்ணாடிக் கடையிலும் இருக்கிற அல்ட்ராசொனிக் பெட்டியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அருமையாகக் கழுவும், மரைக்குள் இருப்பதைக்கூட எடுத்துவிடும். ஒரே ஒரு டேங்க்குக்காகக் காசு கொடுத்து வாங்குவது வீண்.

கொயிலைக் கழுவலாமா?

ஜூஸை உறிஞ்சுகிற பஞ்சை நீங்களே மாற்றிச் சுற்றுகிற வகை என்றால் தாராளமாக. பழைய பஞ்சை எடுத்துவிட்டு, கம்பியை மெல்லச் சிவக்கவிட்டு, ஆறியதும் சின்னப் பிரஷ்ஷால் தட்டிக் கழுவலாம். காந்தல் (Kanthal) என்கிற கலப்புலோகக் கம்பிக்கும் ஸ்டீல் கம்பிக்கும்தான் இது, நிக்கலையும் டைட்டானியத்தையும் அப்படிச் சிவக்க வைக்கக் கூடாது.

பஞ்சோடு அடைத்தே வருகிற மூடிய கொயிலுக்கு நான் எதிர்க்கட்சி. ஊறவைத்து அலசினால் இன்னும் சில நாள் ஓடும் என்பார்கள். கருகிய இனிப்பு அரைகுறையாகத்தான் போகும், உள்ளே இருக்கிற பஞ்சு மலைக் காற்றில் காய்ந்ததா இல்லையா என்று வெளியில் இருந்து தெரியாது. அரை ஈரத்தில் பட்டனை அமுக்கினால் சூடான துளி நாக்கில் தெறிக்கும். மாற்றுக் கொயில் கையில் இல்லாத நெருக்கடிக்கு வேண்டுமானால் செய்யலாம், வழக்கமாக வேண்டாம்.

காய வைப்பது

துடைத்து மேசையில் வைத்துவிடுவது கொழும்பில் சரிவரும். இங்கே மறுநாள் பார்த்தால் நடுக்குழாய்க்குள் ஒரு துளி அப்படியே நிற்கும். அந்தத் துளிதான் முதல் இழுப்பில் படபடவென்று வெடிக்கும், அடிப்பாகத்து நடு ஊசியில் பட்டால் மெல்ல மெல்லத் துருவும் பிடிக்கும். டிஷூவைத் திரியாக முறுக்கிக் குழாயின் ஒரு முனையில் விட்டு மறுமுனையில் இழுங்கள், இரண்டு தடவை. பாதி ஈரம் அதிலேயே போய்விடும்.

அதற்குப் பிறகு ஹேர் டிரையர், குறைந்த சூட்டில். வீட்டில் இருந்தால் இதுதான் முதலிடம். விறகடுப்புப் பக்கத்தில் வைத்தால் காயத்தான் செய்யும், கூடவே புகை வாசமும் ஏறும். ஓ-ரிங் புகையை மறக்காது. ஸ்பிரிட்டில் முக்கி எடுத்த சாமானென்றால் அடுப்புப் பக்கமே போகக் கூடாது. அரிசிப் பானைக்குள் புதைப்பது போன் தண்ணீரில் விழுந்தபோது பழகிய பழக்கம், இங்கே தவிட்டுத் தூள் மரைக்குள் போவதுதான் மிச்சம். டிரையர் இல்லாத வீட்டில் கடைசி முக்குக்கு ஐசோப்ரோப்பைல், பிறகு ஜன்னல் திறந்த அறையில் ஒரு தட்டில் பரப்பி வைப்பது. ஓ-ரிங்குகளைத் தனியாகத் துணியில் உருட்டி எடுத்தால் போதும்.

பூட்டும்போது ஓ-ரிங் இறுக்கமாக இருந்தால் கை தானாகத் தேங்காயெண்ணெய்ப் போத்தலுக்குப் போகும். அதைத் தொடாதீர்கள், வாஸ்லினையும்தான். சூடாகி ஆவியாகும் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் கேடு. விரல் நுனியில் ஒரு துளி ஜூஸே வழவழப்புக்குப் போதும்.

கழுவியும் ஒழுகினால்

அழுக்கால்தான் ஒழுகுகிறது என்று மறுபடி மறுபடி கழுவுகிறவர்கள் ஏறி வந்த பாதையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். கொழும்பில் பாதி நிரப்பிய டேங்க்கோடு றம்பொடைப் பக்கமாக நுவரெலியாவுக்கு ஏறினால், மேலே வந்து சேரும்போது வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். டேங்க்குக்குள் அடைபட்ட காற்று விரிந்து ஜூஸைக் கொயில் வழியாக வெளியே தள்ளும். பொக்கெட் நனையும். இதற்கு எந்த வினாகிரியும் மருந்தில்லை. வெறும் டேங்க்கோடு ஏறுங்கள், வந்த பிறகு நிரப்புங்கள்.

குளிரில் எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. கிளிசரின் கூடிய ஜூஸ் தேன் மாதிரி தடித்து, பஞ்சுக்குள் மெதுவாகத்தான் ஏறும். புதுக் கொயில் போட்டால் அதன் ஓட்டைகளில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, நிரப்பிய பிறகு கால் மணி நேரமாவது விட்டுவையுங்கள். போத்தலைச் சட்டைப் பைக்குள் வைத்துச் சற்றுச் சூடாக்கிக்கொள்வது நல்ல பழக்கம்.

ஆக, என் தேர்வு: வாராவாரம் சுடுதண்ணீர், ஜூஸ் வாசனை மாற்றும்போது அதிலேயே ஒரு சொட்டுப் பாத்திரத் திரவம், மழைக்காலத்தில் உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் கடைசியாக ஐசோப்ரோப்பைல். வினாகிரி அச்சாறுக்கே இருக்கட்டும்.

உதிரிச் சாமான் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டும். புகையிலை அடங்கிய ஈ-சிகரெட்டுகளுக்கு 2016 இலேயே தடை வந்துவிட்டது, 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது 2006 இலிருந்தே சட்டம். கடைக்குப் போய் இந்த மாதிரிக்கு ஓ-ரிங் தாருங்கள் என்று கேட்டு வாங்குகிற நிலைமை மலையில் இல்லை. புது டேங்க்கோடு வருகிற மேலதிகக் கண்ணாடியையும் வளையங்களையும் ஒரு சின்ன டப்பாவில் பத்திரப்படுத்துங்கள்.

கழுவிய தண்ணீரில் நிக்கொட்டின் இருக்கிறது, தோல் வழியாகவும் ஏறும். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரம் பாருங்கள், முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், ஊறவைத்த கோப்பையைத் தேத்தண்ணீருக்கு எடுக்காதீர்கள். லயத்துப் பொதுக் குழாயடியிலும் பீலியிலும் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே கூடாது. பாவித்த கொயிலைக் கடதாசியில் சுற்றிக் குப்பைக்குள் போடுங்கள், முற்றத்தில் எறிந்தால் நாய் கவ்விக்கொண்டு போகும்.