வேகவைப்பதா, கூழாக்குவதா?

புற்றுநோய்க்குத் தரும் பெம்புரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற இம்யூனோதெரபி (நோய் எதிர்ப்பு சிகிச்சை) மருந்துகள் செய்வது ஒரே வேலைதான்: புற்றுச் செல்களைத் தாக்கும் எதிர்ப்பு செல்களான டி செல்களைப் பிடித்து நிறுத்தும் பிரேக்கை விடுவிப்பது. ஆனால் கட்டிக்குள் டி செல்களே எட்டிப் பார்க்கவில்லை என்றால்? வண்டியே இல்லாத இடத்தில் பிரேக்கை விடுவித்து என்ன பயன்? அதனால்தான் முதலில் அல்ட்ராசவுண்டால் கட்டியை உடைத்து, அதன் சரக்கை நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் காட்டிவிட்டு மருந்தைக் கொடுக்கலாமே என்ற யோசனை வந்தது. உடைக்க இரண்டு வழிகள் போட்டியில் இருக்கின்றன.

பழையது ஹைஃபு (HIFU), அதாவது ஒரே புள்ளியில் குவிக்கும் அதிதீவிர அல்ட்ராசவுண்ட். லென்ஸில் வெயிலைக் குவித்துக் காகிதத்தை எரிப்போமே, அதே வித்தை. வெயிலுக்குப் பதில் ஒலி. குவியும் இடத்தில் சூடு 60 டிகிரியைத் தாண்டும், திசு வெந்துவிடும். கருப்பை நார்க்கட்டிக்கு 2004-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்ததால் கைப்பழக்கம் நிறைய. சிக்கல் என்னவென்றால், வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போலக் கட்டியின் புரதங்களும் உருமாறிவிடுகின்றன. சுற்றியுள்ள ரத்தக்குழாய்களும் அடைபடுவதால் எதிர்ப்பு செல்கள் உள்ளே நுழையத் திணறும். ஓரத்தில் அரைவேக்காடாக நிற்கும் செல்கள் எதிர்ப்பு மண்டலத்தை உஷார்ப்படுத்த வெளியிடும் அபாய சமிக்ஞைகள் மட்டும் இதற்குச் சாதகம்.

புதியது ஹிஸ்டோட்ரிப்சி. இது பிறந்த கதையே சுவாரசியம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சென் சூ என்ற ஆய்வு மாணவி பன்றி இதயத் திசுவில் ஒலித் துடிப்புகளைப் பாய்ச்சிச் சோதனை செய்துகொண்டிருந்தார். சத்தம் தாங்கவில்லை என்று உடன் இருந்தவர்கள் புலம்ப, காதுக்கு எட்டாதபடி துடிப்புகளின் வேகத்தைக் கூட்டினார். சத்தமும் போனது, திசுவில் ஓட்டையும் விழுந்தது!

ஒவ்வொரு துடிப்பும் சில மைக்ரோ நொடிகள்தான், சூடு ஏறாது. திசுவுக்குள் நுண்குமிழிகள் கொத்தாக உப்பி வெடித்து, செல்களை மிக்ஸியில் அடித்த மாதிரி கூழாக்கிவிடும். புரதங்கள் வேகாமல் அப்படியே வெளியே கொட்டும். நார்த்தன்மை மிகுந்த பெரிய ரத்தக்குழாய்கள் பெரும்பாலும் தப்பிவிடும். 2020-இல் வெளியான மிச்சிகன் எலி ஆய்வில், இதோடு சிடிஎல்ஏ-4 தடுப்பானை (டி செல்களின் இன்னொரு பிரேக்கை விடுவிக்கும் மருந்து) சேர்த்தபோது, ஒலியே படாத கட்டியிலும் பலன் தெரிந்தது. எதிர்ப்பு மண்டலத்தை எழுப்புவதுதான் நோக்கம் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

அதற்காக எங்கும் எடுபடும் என்றில்லை. விலா எலும்பும் குடல் வாயுவும் ஒலியை மறிக்கும், மூச்சில் கல்லீரல் நகரும், பொது மயக்க மருந்தும் வேண்டும். எலும்புக்குப் பரவிய புற்றின் வலியைக் குறைக்க இன்றும் ஹைஃபுதான் கைகொடுக்கிறது.

மூளை விஷயம் வேறு. அங்கே எதையும் உடைப்பதில்லை. ரத்தத்தில் நுண்குமிழிகளைச் செலுத்தி, லேசான ஒலியால் மருந்துகளை மூளைக்குள் விடாமல் மறிக்கும் ரத்தத்தடையைச் சற்று நேரம் திறக்கிறார்கள். டொரோன்டோவில் இப்படி டிராஸ்டுசுமாப் என்ற மார்பகப் புற்று மருந்தை நான்கு பேரின் மூளைக் கட்டிக்குள் சேர்த்த முடிவு 2021-இல் வந்தது. இதை மற்ற இரண்டோடு தட்டில் வைத்து நிறுப்பது சரியாகாது.

அப்புறம், வரிசை என்ற தலைவலி. மருந்து முதலிலா, ஒலி முதலிலா? மார்பகப் புற்றில் ஹைஃபுவையும் பெம்புரோலிசுமாப்பையும் இணைத்த வர்ஜீனியா பல்கலைக்கழகச் சோதனை, இரண்டு வரிசைகளையும் தனித்தனிக் குழுக்களில் வைத்துப் பார்க்கவே வடிவமைக்கப்பட்டது.

ஹிஸ்டோட்ரிப்சிக்கு 2023 அக்டோபரில் எஃப்டிஏ தந்த அனுமதி கல்லீரல் கட்டியை அழிப்பதற்கு மட்டுமே. எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்று யாராவது விளம்பரம் காட்டினால், எந்தச் சோதனையில், எத்தனை பேரிடம் என்று கேளுங்கள்.